ஆளில்லை அண்ணையின் கடைக்கு முதலாளி யார்?

பிள்ளைகளே, இந்த லண்டன் மாநகரத்தில் எத்தனையோ முதலாளிகள் இருக்கிறார்கள். பெரிய கார் வைத்திருப்பவர்கள், கோடை வெயிலிலும் கோட்டைக் கழற்றாதவர்கள், கோயில் திருவிழாவில் சாமிக்கு முன்னால் தாங்கள் போய் நிற்பவர்கள் என்று பல வகை. ஆனால் தன் சொந்தக் கடைக்குள், தன் சொந்தக் கல்லாப்பெட்டியில் சாய்ந்து நின்றுகொண்டு, முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழாமல் "முதலாளி இல்லை" என்று சொல்லக்கூடியவர் ஒரே ஒருவர்தான். அப்படி இன்னொருவர் இருக்கிறார் என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன்.

அவருக்கும் ஒரு பெயர் இருக்கத்தான் செய்தது. அது அவருடைய பாஸ்போர்ட்டுக்கும் மனைவிக்கும் மட்டும் தெரிந்த சங்கதி. ஈஸ்ட் ஹாமில் எல்லோருக்கும் அவர் 'ஆளில்லை அண்ணை'.

ஹை ஸ்ட்ரீட் நோர்த்திலிருந்து ஒரு பக்கத் தெருவுக்குள் திரும்பினால் அவருடைய கடை. முன்னால் சின்னதாக ஒரு விற்பனை இடம். பின்னால் மிளகாயும் மல்லியும் வறுத்து, அரைத்து, பொதி செய்கிற பெரிய அறை. யாழ்ப்பாணத்துக் கறித்தூள், மிளகாய்த்தூள், சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளப் போத்தலில் அடைத்த காரச் சம்பல். இவற்றை வான் வண்டியில் ஏற்றி அப்டன் பார்க்கிலிருந்து நோர்பரி வரைக்கும் உள்ள தமிழ்க் கடைகளுக்குக் கொண்டுபோய்ப் போடுவது என் வேலை. எங்கள் கடைக்குள் நுழைகிற எவரும் தும்மாமல் நுழைய முடியாது. தும்மாமல் நிற்பவர் வேலை செய்கிறவர், தும்முகிறவர் வெளியாள். எங்களுக்கு வேறு அடையாள அட்டை தேவைப்படவில்லை.

அண்ணையைப் பார்த்தால் முதலாளி என்று யாரும் சொல்லமாட்டார்கள். தலையில் வலைத்தொப்பி. வெள்ளையாக வாங்கிச் செம்மண் நிறமாகிவிட்ட ஏப்ரன். மூட்டை தூக்குவதும் அவர்தான், நிலம் கூட்டுவதும் அவர்தான். அந்தத் தோற்றம் அவருக்குப் பெரிய வசதி.

ஏன் வசதி என்று கேட்பீர்கள். எங்கள் கடைகளுக்கு வந்து "முதலாளி நிக்கிறாரோ?" என்று கேட்கிறவர்களில் எவரும் எதையும் கொடுக்க வருவதில்லை. அதிர்ஷ்டலாபச் சீட்டு விற்க வருவார்கள். விளையாட்டுக் கழகத்து ஆண்டு மலருக்கு விளம்பரம் கேட்டு வருவார்கள். கார்ட் மெஷின் மாற்றச் சொல்லி வருவார்கள். அதனால் முதலாளி எப்போதும் 'இப்பதான் வெளியில போனவர்' என்பது எங்கள் கடைகளில் ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. மற்ற முதலாளிகள் வேலைக்காரரைச் சொல்லச் சொல்லிவிட்டுப் பின்னறையில் பெட்டிகளுக்கு நடுவே ஒளிந்துகொள்வார்கள். அண்ணை அந்தக் கோழைத்தனம் செய்வதில்லை. நேருக்கு நேர் நின்று, கண்ணைப் பார்த்து, தானே சொல்வார்.

மின்சார ஒப்பந்தம் மாற்றித் தருகிற ஒரு வெள்ளைக்கார இளைஞன் அடிக்கடி வருவான். நாங்கள் அவனுக்கு 'கரண்ட் தம்பி' என்று பெயர் வைத்திருந்தோம். கழுத்தில் டை, கையில் கோப்பு, மூக்கில் தும்மல். ஒவ்வொரு தடவையும் முதலாளியைக் கேட்பான். ஒவ்வொரு தடவையும் அண்ணை இல்லை என்பார். பாவம், நடந்து வந்த பெடியன் என்று தேநீரும் வடையும் கொடுப்பார். பிறகு இரண்டு பேருமாகச் சேர்ந்து அந்த வராத முதலாளியைப் பற்றிக் குறை பேசுவார்கள். எங்கள் முதலாளி சரியான கஞ்சன் என்பார் அண்ணை. சம்பளம் கூட்டமாட்டார், சிரிக்கமாட்டார், கடைப்பக்கம் எட்டிப் பார்க்கமாட்டார். கரண்ட் தம்பிக்கு நெஞ்சு உருகிவிடும். கடைசியில் ஒரு நாள், தன் மாமனுடைய களஞ்சியசாலையில் இதைவிட நல்ல வேலை இருக்கிறது, தான் பேசிப் பார்க்கட்டுமா என்று கேட்டே விட்டான். அண்ணை யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். உண்மையாகவே இரண்டு நாள் யோசித்தார் என்றுதான் நான் நினைக்கிறேன்.

தொலைபேசியிலும் இதே கதைதான். தன் கைபேசியைத் தானே எடுத்து, "ஆள் இல்லை, போனை வைச்சிட்டு வெளியில போயிட்டார்" என்பார். ஒரு நாள் அப்படிச் சொன்னார். மறுமுனையில் அவருடைய மனைவியின் குரல் வெளியிலும் கேட்டது.

"சரி. ஆள் வந்தால், வரேக்க பால் வாங்கிக்கொண்டு வரச் சொல்லுங்கோ."

"சொல்லுறன்," என்றார் அண்ணை. அன்று பால் வாங்க மறந்தும் போனார். தனக்குத் தகவல் சரியாக வந்து சேரவில்லை என்று வீட்டில் சொன்னாராம்.

கடையில் எங்களோடு பரமேஸ் அக்கா இருந்தார். பொதி செய்வதும் கல்லாவில் நிற்பதும் அவர். அண்ணை 'இல்லை' என்று தொடங்கினால், அக்கா கையில் உள்ள வேலையை விடாமல், "ஓம், இப்பதான் போறார்" என்று முடிப்பார். இரண்டு பேரும் சேர்ந்து பாடிப் பழகிய பஜனை மாதிரி இருக்கும்.

இப்படிச் சந்தோஷமாக நடந்துகொண்டிருந்த இடத்துக்குத்தான் மலர்விழி வந்து சேர்ந்தாள்.

மலர் திண்டுக்கல்காரி. உணவு கெட்டுப்போகாமல் எப்படிச் செய்வது, எப்படி அடைப்பது என்பதையே ஒரு படிப்பாக இங்கே பல்கலைக்கழகத்தில் படித்தவள். அவள் வருவதற்கு முன் எங்கள் சம்பல் போத்தல்களுக்கு ஒரு கெட்ட குணம் இருந்தது. சில நாளில் மூடி வீங்கும். இன்னும் சில நாளில் வெடிக்கும். நோர்பரியில் ஒரு கடையில் ஓர் அலுமாரித் தட்டு முழுவதும் ஒன்றன்பின் ஒன்றாக வெடித்தபோது, கடைக்காரர் கல்லாவுக்குக் கீழே நெடுஞ்சாண்கிடையாகப் படுத்துவிட்டார். ஊரில் குண்டுச் சத்தத்துக்குப் பழகிய உடம்பு. எழும்பி வந்து என்னைப் பேசிய பேச்சை நான் இங்கே எழுத முடியாது, நீங்கள் சிறுவர்கள்.

மலர் வந்து புளிப்பை அளந்தாள், சூட்டை அளந்தாள், போத்தலைக் கழுவுகிற விதத்தை மாற்றினாள். வெடிப்பு நின்றது. அதன் பிறகு மான்செஸ்டரிலிருந்தும் பாரிஸிலிருந்தும் எங்கள் சம்பலைக் கேட்டு ஆட்கள் பேசத் தொடங்கினார்கள். அண்ணை அவளை 'பிள்ளை' என்றுதான் கூப்பிடுவார். அவள் முதலில் 'சார்' என்றாள். சார் என்று கூப்பிட்டால் அவர் திரும்பிப் பின்னால் பார்த்தார். அதனால் 'அண்ணே' என்று மாற்றிக்கொண்டாள்.

இப்போது உங்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். உங்களுக்கு விசா என்றால் விடுமுறைக்குப் போகும்போது அப்பா கணினிக்கு முன்னால் உட்கார்ந்து கோபப்படுகிற விஷயம். மலருக்கு அப்படியல்ல. படித்து முடித்தவர்களுக்குக் கொஞ்சக் காலம் இங்கே வேலை செய்ய விடுவார்கள். அந்தக் காலம் முடிந்தால், ஒரு நிறுவனம் 'இந்தத் திறமை எங்களுக்கு வேண்டும்' என்று பொறுப்பு எடுத்தால்தான் தொடர்ந்து இருக்கலாம். எல்லா நிறுவனமும் அப்படிச் சொல்லிவிட முடியாது. அதற்கு முதலில் ஓர் அனுமதி எடுக்க வேண்டும். அனுமதி கொடுக்க முன் குடிவரவு அதிகாரி நேரில் வந்து பார்க்கலாம். உண்மையாகவே வியாபாரம் நடக்கிறதா, உண்மையாகவே அந்த வேலை இருக்கிறதா, முதலாளி என்று எழுதியிருப்பவர்தான் உண்மையாக நடத்துகிறாரா என்று பார்ப்பார். சொல்லிக்கொண்டும் வருவார், சொல்லாமலும் வருவார்.

மலருடைய மகள் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் அப்போதுதான் சேர்ந்திருந்தாள். கணவர் பராமரிப்பு நிலையத்தில் ஷிப்ட் வேலை. அனுமதி கிடைக்காவிட்டால் மூன்று பேரும் பெட்டி கட்ட வேண்டியதுதான்.

அண்ணை மறு பேச்சுப் பேசாமல் ஒத்துக்கொண்டார். வழக்கறிஞரிடம் போனார், கேட்ட இடத்தில் எல்லாம் கையெழுத்து வைத்தார். எல்லாம் சரி என்று நாங்கள் நினைத்தபோதுதான் மலர் மெதுவாக ஒரு கேள்வி கேட்டாள். அதிகாரி வந்து முதலாளி யார் என்று கேட்டால் அண்ணை என்ன சொல்வார்?

பரமேஸ் அக்கா பொதி செய்வதை நிறுத்தினார். அரைக்கும் இயந்திரம்கூடக் கொஞ்சம் மெதுவாகச் சுற்றியது போல இருந்தது.

அன்றிலிருந்து பயிற்சி தொடங்கியது. காலையில் வேலை தொடங்க முன் மலர் ஓர் அட்டைத் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலால் வருவாள். அவள்தான் அதிகாரி. அண்ணை நிமிர்ந்து நிற்க வேண்டும். முதலாளி இருக்கிறாரா என்று அவள் கேட்பாள். அண்ணை வாயைத் திறப்பார். "ஆள் இ..." என்று வந்துவிடும். நாக்கைக் கடித்துக்கொள்வார். மறுபடி. மறுபடியும் "ஆள் இ...". இதற்குள் பரமேஸ் அக்கா பழக்கதோஷத்தில், "ஓம், இப்பதான் போறார்" என்று முடித்துவிடுவார்.

"அண்ணே, 'நான்தான் ஓனர்'னு சொல்லுங்க. ரெண்டு வார்த்தைதான."

"பிள்ளை, அது தொண்டைக்குள்ள நிக்குது. வெளியில வருதில்லை." அவர் கொஞ்சம் யோசித்தார். "அவர்தான் ஓனர் எண்டு சொல்லட்டோ?"

"அவர்னா யாரு?"

"நான்."

மலர் ஒரு பெரிய சில்வர் தட்டைத் துடைத்துச் சுவரில் சாத்தி வைத்து, அதில் தன் முகத்தைப் பார்த்துச் சொல்லிப் பழகச் சொன்னாள். அண்ணை தட்டுக்கு முன்னால் போய் நின்றார். உள்ளே தெரிந்த ஆளை ஏற இறங்கப் பார்த்தார். அந்த ஆள் கார்ட் மெஷின் விற்க வந்தவன் என்று சந்தேகப்பட்டவர் போலத் திரும்பி வந்துவிட்டார்.

ஆனாலும் விடாமல் பழகினார். கடைசி நாட்களில் மூச்சை உள்ளே இழுத்து, கண்ணை மூடி, "நான்தான்" வரைக்கும் வந்துவிட்டார். அதிகாரியின் அடையாள அட்டையைக் கண்டால் மிச்சம் தானாக வரும் என்று எங்களுக்கு நம்பிக்கை இருந்தது. அதிகாரி எப்படி இருப்பார் என்றும் ஒரு படம் வைத்திருந்தோம். உயரமான ஆள், கறுப்புக் கோட்டு, பளபளக்கும் சப்பாத்து, அநேகமாக இரண்டு பேர்.

ஒரு மழைக் காலையில் வந்தது ஒரு சின்ன உருவப் பெண்மணி. நனைந்த கம்பளித் தொப்பி. தோளில் துணிப்பை. நான் வாசலில் வானில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தேன். ஏதோ விற்க வந்தவர் என்றுதான் நானும் நினைத்தேன். உள்ளே கால் வைத்ததும் அவருக்குத் தும்மல் பிடித்துக்கொண்டது. அட்டையை எடுக்கப் பைக்குள் விட்ட கை கைக்குட்டையோடு வெளியே வந்தது. இரண்டு தும்மலுக்கு நடுவே, முதலாளி இருக்கிறாரா என்று கேட்டார்.

அண்ணையின் தோளில் மல்லி மூட்டை. மூட்டை தூக்குகிற நேரத்தில் யாரும் யோசிப்பதில்லை.

"ஆள் இல்லை," என்றார்.

"ஓம், இப்பதான் போறார்," என்றார் பரமேஸ் அக்கா.

இதெல்லாம் ஆங்கிலத்தில்தான் நடந்தது. அண்ணையின் ஆங்கிலத்தை நான் தமிழிலேயே தருகிறேன். அது அவருக்கும் நல்லது, ஆங்கிலத்துக்கும் நல்லது.

எப்போது வருவார் என்று பெண்மணி கேட்டார். அவர் வருவதே இல்லை என்றார் அண்ணை. அப்படியானால் இதை யார் நடத்துகிறார்கள் என்று கேட்டார். ஈரத்தோடு நிற்கிற ஆளைப் பார்த்து அண்ணைக்கு இரக்கம் வந்துவிட்டது. மூட்டையை இறக்கி வைத்துவிட்டு வழக்கமான குறை சொல்லலைத் தொடங்கினார். எங்கள் முதலாளிக்கு ஒன்றும் தெரியாது. கஞ்சன். பின்னறையில் ஒரு பிள்ளை இருக்கிறாள், அவள் இல்லாவிட்டால் இந்தக் கடை எப்போதோ வெடித்திருக்கும். முன்பு போத்தல் வெடித்தது, அவள் வந்துதான் நின்றது. சூடு பார்க்கிறாள், புளிப்புப் பார்க்கிறாள், அவள் சரி என்று சொல்லாமல் ஒரு போத்தல் வானில் ஏறாது. முதலாளிக்கு மூளை இருந்தால் அந்தப் பிள்ளையைப் போக விடக்கூடாது. ஆனால் அந்த ஆளுக்கு அது இருக்கிறதோ தெரியாது.

பெண்மணி தும்மலோடு தும்மலாகக் குறித்துக்கொண்டார். பிறகு ஒரு தாளைப் பார்த்து, முதலாளி மிஸ்டர் சின்னத்துரைதானே என்று கேட்டார். உங்களுக்குத் தெரியும், எங்களுக்கு இந்த நாட்டில் கடைசிப் பெயராக அப்பாவின் பெயர்தான் போய் நிற்கும். பரமேஸ் அக்கா தராசிலிருந்து தலையை நிமிர்த்தினார்.

"சின்னத்துரையோ? அது அண்ணையின்ரை அப்பர். அவர் மோசம் போய்க் கனகாலம்."

ஆக, எங்கள் முதலாளி கடைக்கு வருவதில்லை, கஞ்சன், மூளை குறைவு, அத்தோடு இறந்தும் போய்விட்டார். அந்த இடத்தில்தான் பெண்மணிக்குத் தும்மல் நின்றது. பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். குடிவரவு அதிகாரி.

அண்ணையின் முகத்தில் இருந்த மிளகாய் நிறம் முழுவதும் இறங்கிப் போனதை நான் வாசலில் நின்று பார்த்தேன். பின்னறைக் கதவில் மலர் நின்றாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். கையில் கையுறை, கண்ணில் தண்ணீர். அது மிளகாயால் வந்ததல்ல.

"அண்ணே, நீங்கதான ஓனர்," என்றாள். சத்தமே இல்லாமல்.

"ஓம்," என்றார் அண்ணை. அதிகாரியைப் பார்த்து, "நான்தான்," என்றார்.

அதிகாரி நம்பவில்லை. நீங்களாக இருந்தாலும் நம்பியிருக்கமாட்டீர்கள்.

துன்பம் வரும்போது சும்மா வருவதில்லை, டை கட்டிக்கொண்டு வரும். சரியாக அந்த நேரத்தில் கரண்ட் தம்பி உள்ளே வந்தான். தும்மினான். இன்றைக்காவது முதலாளி இருக்கிறாரா என்று அண்ணையிடம் சிரித்துக்கொண்டே கேட்டான். அதிகாரி அவன் பக்கம் திரும்பி, இந்த மனிதரை உங்களுக்குத் தெரியுமா என்றார். நன்றாகத் தெரியும், நெடுநாள் பழக்கம் என்றான். இவர்தான் முதலாளியா? அவன் வாய்விட்டுச் சிரித்தான். இவர் பாவம், வேலைக்காரர். முதலாளியை இதுவரை யாரும் கண்டதில்லை, மகா மோசமான ஆள். இவருக்கு நான் வேறு வேலைகூடப் பார்த்துக் கொடுக்க முயன்றேன் என்று சொல்லி அண்ணையின் தோளில் அன்பாகக் கை வைத்தான். அவ்வளவையும் நல்ல மனத்தோடு சொன்னான். அதுதான் பயங்கரம்.

அண்ணை கோட்டுப் பையிலிருந்து சாரதி அனுமதிப்பத்திரத்தை எடுத்து வந்து காட்டினார். பெயரும் முகமும் பொருந்தின. அதிகாரி தலையாட்டினார். இது நீங்கள் யார் என்று சொல்கிறது, ஆனால் நீங்கள்தான் இதை நடத்துகிறீர்கள் என்று சொல்லவில்லை என்றார். தாளில் ஒருவர் பெயரைப் போட்டுவிட்டுப் பின்னால் வேறொருவர் நடத்துகிற இடங்களைத் தான் நிறையப் பார்த்திருப்பதாகச் சொன்னார். பிறகு அமைதியாக ஒரே ஒரு கேள்வி கேட்டார். உங்களுடைய கடை என்றால், ஏன் இல்லை என்று சொன்னீர்கள்?

அண்ணை வலைத்தொப்பியைக் கழற்றினார். ஆங்கிலம் அவரைக் கைவிட்டது. மலரைப் பார்த்து, "பிள்ளை, நீ சொல்லு அவவுக்கு," என்றுவிட்டுத் தமிழில் தொடங்கினார்.

"நான் ஜெர்மனியில இருக்கேக்க முதல் முதல் ஒரு கடை போட்டனான். வாசல்ல பெரிய போர்ட். அதில என்ரை படம், கையைக் கட்டிக்கொண்டு. வாற போற ஆக்கள் எல்லாருக்கும் 'என்ரை கடை, என்ரை கடை' எண்டு சொல்லிக்கொண்டு நிண்டன். எல்லாரும் வந்து வாயைப் பிளந்து பார்த்திச்சினம். வருசம் முடிய முன்னம் கடை பூட்டுப்பட்டுப் போச்சு. கண்ணூறு நாவூறு பட்டிட்டுது எண்டு நான் சொன்னன். நான் போர்டைப் பார்த்துக்கொண்டு நிண்டதாலதான் பூட்டினது எண்டு மனிசி சொன்னா. எதெண்டாலும், அதுக்குப் பிறகு என்ரை எண்டு ஒண்டையும் நான் வாயால சொன்னதில்லை. சொன்னால் போயிடுமெண்டு பயம்."

மலர் ஒவ்வொரு வரியாக ஆங்கிலத்தில் சொன்னாள். தன்னுடைய விசாவைத் தானே மொழிபெயர்த்துக்கொண்டு நிற்கிறாள் என்று எனக்கு அப்போது தோன்றியது.

"ஆனா இண்டைக்கு நான் இல்லையெண்டால் இந்தப் பிள்ளை போகவேணும். அப்ப நான் இருக்கிறன். எழுதுங்கோ. இந்தக் கடை என்ரை. இந்தப் பிள்ளைக்கு வேலை குடுக்கிறதும் நான்தான்."

மலர் அந்தக் கடைசி வரியில் பாதிவரை போனாள். அதற்கு மேல் அவளால் முடியவில்லை. மிச்சத்தைப் பரமேஸ் அக்கா தன் ஆங்கிலத்தில் சொல்லி முடித்தார். கல்லாவில் நின்று பழகிய ஆங்கிலம், விலை சொல்வது போல உறுதியாக இருந்தது.

கரண்ட் தம்பி ஒப்பந்தக் கோப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சத்தம் போடாமல் வெளியே வந்து என் வானுக்குப் பக்கத்தில் நின்றான். தான் ஏதாவது பிழையாகச் சொல்லிவிட்டேனா என்று என்னிடம் கேட்டான். வடை சாப்பிடுகிறாயா என்று நான் கேட்டேன்.

அதிகாரி கடைக் கணக்குகளைக் கேட்டு வாங்கிக்கொண்டு அண்ணையோடு பின்னறைக்குப் போனார். நெடுநேரம் வரவில்லை. தும்மல் சத்தம் மட்டும் ஒவ்வொரு மூலையிலிருந்தும் கேட்டதால், எல்லா இடமும் பார்க்கிறார் என்று தெரிந்துகொண்டோம். மலரோடும் தனியாகப் பேசினார். வெளியே வந்தபோது மூக்கு சிவந்திருந்தது, முகம் கொஞ்சம் இளகியிருந்தது.

பரமேஸ் அக்காவிடம் போகிற போக்கில் ஒன்று சொன்னாராம். வேலை உண்மையானதா என்று கேட்டால் எல்லா முதலாளிகளும் பாடமாக்கி வைத்த பதிலைச் சொல்வார்கள். இந்த மனிதர் தான் யாரென்றே மறந்து நின்று சொன்ன பதிலைப் போல ஒன்றைத் தான் கேட்டதில்லை என்று. அக்கா அதைப் பிறகு எங்களுக்குச் சொன்னார். சொல்லும்போது தராசைத் துடைத்தார், தராசு சுத்தமாகத்தான் இருந்தது.

வாசலில் நின்று அதிகாரி அண்ணைக்குச் சில விஷயங்களை விளக்கினார். அனுமதி கிடைத்தால் முதலாளிக்குப் பொறுப்புகள் உண்டு. மலர் எங்கே வசிக்கிறாள் என்று தெரிந்திருக்க வேண்டும். வேலைக்கு வராவிட்டால் குறித்து வைக்க வேண்டும். காரணம் சொல்லாமல் பல நாள் வராவிட்டால் அறிவிக்க வேண்டும். அலுவலகத்திலிருந்து தொலைபேசி வந்தால் முதலாளி இருக்க வேண்டும். கடைசி வரியை அவர் கொஞ்சம் அழுத்திச் சொன்னார். அண்ணை பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரித் தலையாட்டிக் கேட்டார். தேநீர் கொடுத்தார். அதிகாரி வேண்டாம், விதி இடம் தராது என்றார். அதில் மட்டும் அண்ணைக்கு மனத்தாங்கல்.

அதன் பிறகு காத்திருப்பு. அந்த நாட்களில் யாரும் சரியாகச் சிரிக்கவில்லை. மலர் தன் வேலை முறைகளை எல்லாம் பரமேஸ் அக்காவுக்குச் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினாள். தான் போனாலும் போத்தல் வெடிக்கக் கூடாது என்றாள். அக்கா கற்றுக்கொள்ள மாட்டேன் என்று அடம்பிடித்தார். கற்றுக்கொண்டால் அவள் போய்விடுவாள் என்பது அக்காவின் கணக்கு.

அனுமதி வந்தது. கொஞ்ச நாளில் மலரின் விசாவும் வந்தது. கைபேசியில் பார்த்துவிட்டு அவள் மிளகாய் மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டாள். அண்ணை விளக்குமாற்றை எடுத்து, அப்போதுதான் கூட்டிய இடத்தை மறுபடி கூட்டினார். மலரின் மகள் இன்றைக்கும் அதே பள்ளிக்கூடத்தில்தான் படிக்கிறாள். பள்ளி நாடகத்தில் ஆட்டுக்குட்டியாக வந்தாள் என்று கேள்வி. அண்ணை போய்ப் பார்த்தார்.

அண்ணை திருந்திவிட்டார். ஆனால் ஊர் திருந்தவில்லை. கைபேசியை எடுத்து "ஓம், நான்தான்" என்று முதல் தடவை சொன்னபோது, அவருடைய மனைவி, "நீங்கள் ஆர் கதைக்கிறது?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டார். கரண்ட் தம்பியிடம், முதலாளி நான்தான், கோப்பைத் திற என்றார். அன்று கடைக்குள் கேட்டதையும் முதலாளிக்காகச் சொன்ன பொய் என்றே எடுத்திருந்த அவன், அண்ணையின் கையைப் பிடித்து, முதலாளிமார் கஷ்டம் கொடுக்கிறபோது இப்படிச் சிரித்துக்கொள்வதும் நல்லதுதான் என்று ஆறுதல் சொன்னான். இன்றுவரை அந்த ஒப்பந்தம் கையெழுத்தாகவில்லை.

இப்போதெல்லாம் காலையில் வான் புறப்படக் கொஞ்சம் பிந்துகிறது. மலர் வருகிற பஸ் சந்தியில் வந்து நின்று, அவள் இறங்குவது கண்ணில் படும்வரை அண்ணை வாசலை விட்டு நகரமாட்டார், பெட்டி ஏற்றவும் வரமாட்டார். மழையென்றால் குடையோடு நிற்பார். போன குளிருக்குள் அவளுக்குக் காய்ச்சல் வந்து வேலைக்கு வரவில்லை. அவளே காலையில் சொல்லியும்விட்டாள். குறித்து வைத்தால் போதும். அண்ணை குறித்து வைத்தார். வைத்துவிட்டு, ரசத்தையும் கொத்தமல்லித் தண்ணீரையும் சுடச்சுடப் போத்தல்களில் ஊற்றிக்கொண்டு என் வானில் ஏறி உட்கார்ந்தார். அவள் வீட்டு வாசலில் கொடுத்துவிட்டு, நெற்றி சுடுகிறதா என்று கணவரிடம் விசாரித்துவிட்டுத் திரும்பி வந்தார். ஏன் அண்ணை, வேலை கிடக்கிற நேரத்தில் இவ்வளவு தூரம் என்று கேட்டேன்.

"சட்டம், தம்பி. அந்த மனிசி வாசல்ல நிண்டு சொன்னதை நீயும் கேட்டனிதானே. ஆள் எங்கை, என்ன மாதிரி எண்டு முதலாளிக்குத் தெரிஞ்சிருக்க வேணும்."

வீட்டுக்கு வந்து, அந்த விதிகளைத் தேடி எடுத்து முழுவதும் வாசித்துச் சொல்லும்படி என் மகளிடம் கேட்டேன். அவள் பொறுமையாக வாசித்தாள். குடை பற்றி அதில் ஒன்றும் இல்லை. ரசம் பற்றியும் இல்லை. அண்ணையிடம் இதை நான் சொல்லவில்லை. பிள்ளைகளே, நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.